ஆட்சி மாறும்... நம்ம அளவுகோல் மாறலாமா?



நம்ம பக்கத்தில் எந்தப் பதிவு போட்டாலும் கமெண்ட்டில் ரெண்டு வார்த்தை தவறாம வந்துடும். ஒண்ணு "பழமைவாதி", இன்னொண்ணு "பூமர்". குடும்பம் முக்கியம்னு எழுதினா பழமைவாதி. கடன் வாங்கிச் செலவு பண்ணாதீங்கன்னு எழுதினா பூமர். மதுக்கடையை மூடுங்கன்னு எழுதினா ரெண்டும் சேர்த்துக் கிடைக்கும். இதுக்கு நீங்க கோபப்படுறது புரியுது. ஆனா அந்த வார்த்தைக்காக இந்தப் பதிவு இல்லை. வெளியில இருந்து வர்ற திட்டு நம்மை ஒண்ணும் செய்யாது. நம்ம குரூப்புகளுக்குள்ளேயே நடக்கிற ஒரு விஷயம்தான் கவலையா இருக்கு.

எதிர் அணி ஆளும் மாநிலத்தில் ஓர் இலவசத் திட்டம் அறிவித்தால் "நாட்டைக் கடனில் தள்ளுறாங்க" என்று மீம் பறக்கிறது. நமக்கு வேண்டிய அரசு அதே மாதிரித் திட்டத்தை அறிவித்தால் "மக்கள் நல அரசு" என்று போஸ்டர் வருகிறது. அங்கே ஒரு எம்எல்ஏ கட்சி தாவினால் "விலை போனார்", நம் பக்கம் தாவி வந்தால் "மனம் மாறினார்". அங்கே அப்பாவுக்குப் பிறகு மகன் வந்தால் வாரிசு அரசியல், இங்கே வந்தால் குடும்பப் பாரம்பரியம். இப்படியே போனால் நம்மிடம் இருப்பதற்குப் பெயர் கொள்கை கிடையாது, ஜெர்சி. மைதானத்தில் எந்த நிறம் போட்டிருக்கிறோமோ அந்த நிறத்துக்குக் கை தட்டுவது. அதற்கு ஒரு கட்சி தேவையே இல்லை, ஐபிஎல் போதும்.

அதனால கன்சர்வேட்டிவ் என்றால் என்னன்னு நாமே ஒரு தடவை தெளிவாப் பேசிடுவோம்.

■ இன்ஜினியரிங்கில் இது திட்டு கிடையாது

நம்ம ஐடி விங்கில் பாதிப் பேர் இன்ஜினியரிங் முடிச்சவங்க. டிசைன் வகுப்பில் கேட்டிருப்பீங்க, "இது கன்சர்வேட்டிவ் டிசைன்" என்று. அங்கே அது பாராட்டு. ஒரு கட்டடத்தின் உத்தரம் எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறோம். வரப்போகும் பாரத்தோடு நிறுத்துவதில்லை. அதை 1.5 மடங்காக்கி, அதையும் தாங்குமா என்று பார்க்கிறோம். ஏன்? கம்பியின் தரம் குறையலாம். கான்கிரீட் போட்டவர் அவசரப்பட்டிருக்கலாம். கட்டினவரே நினைக்காத கூட்டம் ஒரு கல்யாணத்தன்று மொட்டை மாடியில் ஏறலாம். மனுஷங்க தப்பு பண்ணுவாங்க, எதிர்பாராதது நடக்கும் என்று முன்கூட்டியே ஒத்துக்கொள்வதுதான் அந்த 1.5.

அரசியலிலும் அதேதான். ஆள்பவர் நல்லவராகவே இருந்தாலும் தப்பு பண்ணக்கூடிய மனுஷர் என்று நினைத்து அதிகாரத்துக்கு வரம்பு வைப்பது. இன்று வருமானம் நன்றாக இருந்தாலும் நாளை வறட்சி வரும் என்று நினைத்துச் செலவுக்கு வரம்பு வைப்பது. நாலு தலைமுறை பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றை, நேற்று வந்த ஒரு யோசனைக்காகத் தூக்கிப் போடும் முன் ரெண்டு தடவை யோசிப்பது. இதுதான் நம்ம நிலை. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கவனிங்க, சேஃப்டி ஃபேக்டர் ஆளைப் பார்த்து மாறாது. வீட்டுக்காரர் நமக்கு வேண்டியவர் என்பதற்காக உத்தரத்தில் கம்பியைக் குறைக்கிறோமா?

■ நம்ம மண்ணில் இதை வாழ்ந்து காட்டியவர்

சும்மா தத்துவம் பேசினா போதாது, ஆள் வேணும். இந்திய அரசியலில் கன்சர்வேட்டிவ் என்ற சொல்லுக்கு முழுப் பொருத்தமான ஒருவர் நம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. அவர் நம் கட்சிக்காரர் கிடையாது. அவர் செய்தது எல்லாம் சரி என்றும் சொல்ல வரவில்லை, அதற்கும் கீழே வருகிறேன். அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த மாறாத அளவுகோல்.

1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். மதுவிலக்கு பேசுவது சுலபம், கஜானாவில் விழும் ஓட்டைக்கு யார் பதில் சொல்வது? அவர் சொன்னார். 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தார். வரி என்றால் யாருக்குப் பிடிக்கும்? ஓட்டுக்கு ஆகாத வேலை. ஆனால் "இந்த நன்மை வேண்டும் என்றால் இதுதான் விலை" என்று மக்களிடம் மறைக்காமல் பில்லை நீட்டினார். இன்று எந்தத் தேர்தல் அறிக்கையிலாவது அறிவிப்புக்குப் பக்கத்தில் அதன் பில் இருக்கிறதா என்று பாருங்க.

1952-ல் மறுபடி முதலமைச்சரானபோது சென்னை மாநிலத்தில் உணவுத் தானியக் கட்டுப்பாடும் ரேஷனும் இருந்தன. கட்டுப்பாட்டை எடுத்தால் அரிசி விலை எங்கே போகுமோ என்ற பயமும் இருந்தது. அவர் எடுத்துவிட்டார். விவசாயியையும் வியாபாரியையும் நம்பினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய விஷயம். 1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறையை நோக்கிப் போவதாகத் தீர்மானம் போட்டது. நிலம் உழவன் கையை விட்டுப் போய்விடும் என்று ராஜாஜி பயந்தார். அப்போது அவருக்கு வயது 80. கவர்னர் ஜெனரல் பதவியைப் பார்த்தாச்சு, பாரத ரத்னா வாங்கியாச்சு. நேரு அவருக்குப் பல்லாண்டு நண்பர். வீட்டில் உட்கார்ந்து ராமாயணம் எழுதிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த வயதில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். என்.ஜி.ரங்கா, மினு மசானி எல்லாம் கூட வந்தார்கள்.

"பெர்மிட் லைசன்ஸ் கோட்டா ராஜ்" என்று அவர் பேர் வைத்ததை இன்றைய பிள்ளைகள் புரிந்துகொள்வது கஷ்டம். 1951-ன் தொழில் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டப்படி பெரிய தொழிற்சாலை தொடங்க உரிமம் வேண்டும். இருப்பதைக் கணிசமாகப் பெரிதாக்க உரிமம். புதுப்பொருள் ஒன்றைத் தயாரிக்க உரிமம். ஸ்கூட்டருக்கும் டெலிபோனுக்கும் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த நாடு இது. உங்க தாத்தாவைக் கேட்டுப் பாருங்க. உரிமம் கொடுக்கும் கை ஒன்று இருந்தால் அந்தக் கையைக் குளிப்பாட்ட ஆட்கள் வருவார்கள், ஊழல் அங்கேதான் முளைக்கும் என்பது அவர் வாதம். பிற்போக்குவாதி, பணக்காரர்களின் கைக்கூலி என்று அவரையும் திட்டினார்கள். சுதந்திராக் கட்சி மக்களவையில் 1962-ல் 18 இடம், 1967-ல் 44 இடம் பிடித்து முக்கிய எதிர்க்கட்சியாக நின்றது. 1971-ல் 8 இடத்துக்குச் சுருங்கியது. 1972 டிசம்பர் 25-ல் ராஜாஜி மறைந்தார். ரெண்டு வருஷத்தில் கட்சியும் வேறொன்றில் கரைந்துபோனது.

தோற்றுப்போன கதை மாதிரி இருக்கு இல்லையா? 1991 ஜூலையில் நரசிம்ம ராவ் அரசு 18 தொழில்கள் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தொழில் உரிமம் தேவையில்லை என்று அறிவித்தது. இன்று நமக்கு வேலை கொடுக்கும் நிறுவனங்களில் எத்தனையோ அந்தக் கதவு திறந்த பிறகு வளர்ந்தவை. அவர் சொன்னது நடக்க அவர் போய் 19 வருஷம் ஆச்சு. ட்ரெண்டிங்கில் வருவதும் சரியாக இருப்பதும் வேற வேற என்பதை இதை விட யார் சொல்லித் தர முடியும்?

இன்னொன்று. 1967-ல் காங்கிரசை வீழ்த்த திமுகவோடு கூட்டணி வைத்தவர் ராஜாஜி. அந்த ஆட்சி அமைய அவரும் ஒரு காரணம். 1971-ல் அதே கட்சியின் அரசு மதுவிலக்கைத் தளர்த்தப் போகிறது என்றதும், 92 வயதில் முதலமைச்சரின் வீட்டுக்கே நேரில் போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நடக்கவில்லை. ஆனால் 1937-ல் எந்த அளவுகோலை எடுத்தாரோ, 34 வருஷம் கழித்து நண்பர்களாக இருந்தவர்களிடமும் அதையே நீட்டினார்.

■ பழசு எல்லாம் பண்பாடு கிடையாது

இப்போ கசப்பான பக்கம். 1953-ல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பிள்ளைகளைத் தினம் மூன்று மணி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் வைத்தது. குலக்கல்வி என்று தமிழ்நாடே எதிர்த்தது. எதிர்த்தது சரி. வண்ணார் வீட்டுப் பிள்ளை வெளுக்கவும் குயவர் வீட்டுப் பிள்ளை பானை செய்யவும்தான் என்று ஒரு அரசு நினைப்பது போலத் தெரிந்தாலே அது அநியாயம். 1954-ல் அவர் பதவியை விட்டுப் போக, காமராஜர் வந்தார், திட்டம் கைவிடப்பட்டது. 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவரும் அவரே, பின்னாளில் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆவதை எதிர்த்தவரும் அவரே.

நாம் இதை மறைக்கக் கூடாது. நம்மைப் பார்த்து "நீங்க காப்பாற்ற நினைப்பது சாதியைத்தானே?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லணும். உழைப்பு, சிக்கனம், சொன்ன சொல், பெரியவர்களைக் கைவிடாத குடும்பம், ஊர்ப் பொதுவைப் பாழாக்காத பொறுப்பு, இவை காப்பாற்ற வேண்டியவை. பிறப்பை வைத்து ஒருத்தரைக் கீழே வைப்பது காப்பாற்ற வேண்டியது கிடையாது. 1939-ல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தபோது, அவர்களுக்குப் பாதுகாப்பாகச் சட்டம் கொண்டுவந்ததும் இதே ராஜாஜி அரசுதான். அன்று உள்ளே போனவர்களில் ஒருவர் கக்கன். பின்னாளில் அமைச்சர். பதவியில் இருந்து இறங்கிய பிறகு பேருந்தில் போனவர் என்று இன்றும் ஊர் சொல்கிறது. கோயிலும் நின்றது, அநீதியும் போனது. நமக்கு வேண்டிய மரபு இதுதான். சாதிப் பெருமை ரீல்ஸ் போட்டுவிட்டுக் கீழே நம்ம கட்சிக் கொடியை டேக் பண்ணுகிறவங்க தயவுசெய்து இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிங்க.

■ இன்றைய கேள்விகள் நாலு

ராஜாஜியை எடுத்துக் கண்ணாடிக்குள் வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த அளவுகோலை இன்றைய தேசிய அரசியலில் வைத்துப் பார்க்கணும். எந்த அறிவிப்பு வந்தாலும், எந்தக் கட்சி அறிவித்தாலும், ஃபார்வர்டு பட்டனைத் தொடும் முன் நாலு கேள்வி.

முதல் கேள்வி: இந்த அதிகாரம் நாளை எனக்குப் பிடிக்காதவர் கையில் போனால்?
1975 ஜூன் 25-ல் அவசரநிலை வந்தது, 21 மாதம் நீடித்தது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை, எதிர்க்கட்சித் தலைவர்களுக்குச் சிறை. நாட்டின் நன்மைக்குத்தான் என்று நம்பியவர்கள் அன்றும் இருந்தார்கள். நமக்குப் பிடித்த தலைவருக்கு நாம் திறந்து கொடுக்கிற கதவு, அடுத்து வருபவருக்கும் திறந்தே கிடக்கும். இதே கண்ணோடு 1985-ன் கட்சித் தாவல் தடைச் சட்டத்தையும் பாருங்க. தாவலைத் தடுக்க வந்தது, நோக்கம் நல்லது. ஆனால் கொறடா உத்தரவு வந்துவிட்டால் நம் எம்பி மனசாட்சிப்படி ஓட்டுப் போட முடியாது, போட்டால் பதவி போகும் நிலை. சுதந்திராக் கட்சியில் 21 அடிப்படைக் கொள்கைகள் இருந்தன. அவற்றுக்கு வெளியே எந்த விஷயத்திலும் உறுப்பினர் தன் கருத்தைச் சுதந்திரமாகப் பேசலாம் என்பதையே ஒரு கொள்கையாக வைத்திருந்தார்கள். ஆட்சிக்கு வர ஆசைப்படும் ஒவ்வொரு கட்சியும் இதைப் பற்றி யோசிக்கணும், நம்மையும் சேர்த்து.

இரண்டாவது கேள்வி: பில் யார் பேரில்?
2003-ல் மத்திய அரசு நிதிப் பொறுப்புச் சட்டம் கொண்டுவந்தது. நிதிப் பற்றாக்குறையை உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள் கொண்டுவருவது இலக்கு. அதே 2003-ல் தமிழ்நாட்டுக்கும் அப்படி ஒரு சட்டம் வந்தது. அந்த இலக்கு எத்தனை தடவை தள்ளிப் போயிருக்கு என்று பட்ஜெட் பார்க்கிறவங்களுக்குத் தெரியும். தேர்தல் இலவசங்கள் பற்றிய வழக்கு தமிழ்நாட்டில் இருந்துதான் உச்ச நீதிமன்றம் போனது. 2013-ல் தீர்ப்பு. வாக்குறுதி கொடுப்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது நீதிமன்றம், ஆனால் நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்திடம் சொன்னது. பசிக்கிற பிள்ளைக்குப் பள்ளியில் சோறு போட்ட காமராஜரை யாரும் கடன்காரர் என்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளை படித்து, தன் காலில் நின்றது. ஒரு திட்டம் மனுஷனை நிமிர்த்துகிறதா, அடுத்த தேர்தல் வரை வரிசையில் நிறுத்துகிறதா? அதைப் பார்த்து முடிவு பண்ணுங்க, அறிவித்தவர் முகத்தைப் பார்த்து வேண்டாம்.

மூன்றாவது கேள்வி: இதை ஊரே செய்துகொள்ள முடியாதா?
கன்சர்வேட்டிவ் என்றால் டெல்லியில் இருந்து எல்லாம் நடக்கட்டும் என்பவர் கிடையாது. குடும்பத்தால் முடிவதைக் குடும்பமும், ஊரால் முடிவதை ஊரும் செய்யணும், மிச்சம்தான் அரசாங்கம். 73-வது திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்து கிராம சபைக்கு அரசியல் சட்டத்தில் இடம் கொடுத்தது. நம்ம மாநிலத்தில் 2016-ல் ஊரக உள்ளாட்சிகளின் காலம் முடிந்து, 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது, அதுவும் எல்லா மாவட்டத்திலும் இல்லை. மூன்று வருஷம் ஊருக்குத் தலைவர் இல்லாமல் அதிகாரி கையெழுத்தில் ஓடியது. அன்று இதற்காக எத்தனை பேர் ஹேஷ்டேக் போட்டோம்? ஜனவரி 26-க்கும் ஆகஸ்ட் 15-க்கும் ஸ்டேட்டஸ் வைக்கிற நாம், அதே நாளில் நடக்கிற கிராம சபைக்குப் போய் உட்கார்ந்து வரவு செலவைக் கேட்டால் அதுதான் தேசபக்தி.

நான்காவது கேள்வி: இது வீட்டைக் கட்டுமா, கெடுக்குமா?
2003-லிருந்து மதுவைச் சில்லறையில் விற்பது அரசு நிறுவனமே. ஆட்சிகள் மாறின, கல்லாப்பெட்டி மாறவில்லை. ஒரு அரசாங்கம் தன் மக்கள் குடித்தால்தான் சம்பளம் போட முடியும் என்ற நிலையில் இருப்பது எந்தப் பொருளாதாரம்? மூடுவதாக இருந்தால் வருமானத்துக்கு மாற்று என்ன என்று 1939-ல் ஒருவர் சொன்ன மாதிரி நாமும் சொல்லணும். "மூடு" என்று மட்டும் கத்திவிட்டு பில்லை மறைத்தால் நாமும் அவர்களும் ஒண்ணுதான்.

■ முதலில் நம்ம வீடு

நாட்டுக்கு வரவு செலவு பாடம் எடுக்கிறவன் கல்யாணத்துக்கு லோன் ஆப்பில் கடன் வாங்கக் கூடாது. மதுவிலக்கு பேசுகிற மண்டல நிர்வாகி மாநாட்டுக்குப் போகிற வேனில் பாட்டில் ஏற்றக் கூடாது. குடும்பம் புனிதம் என்று எழுதுகிற கை வரதட்சணையை எண்ணக் கூடாது. ஊரில் பெற்றவர்களை மாத்திரை வாங்கக்கூட ஆளில்லாமல் விட்டுவிட்டுப் பாரம்பரியம் பற்றி ஸ்பேஸில் ரெண்டு மணி நேரம் பேசுவதில் அர்த்தம் இல்லை.

ஓட்டுக்குப் பணமும் அப்படித்தான். பணப் பட்டுவாடா காரணமாக 2017-ல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலே நின்றது, 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தல் நின்றது. தேசமே பார்த்துச் சிரித்தது நம்ம மாநிலத்தை. "எல்லாரும் வாங்குறாங்க, வாங்கிட்டு நமக்குப் போடட்டும்" என்று நம்ம ஆட்களே சொல்வதைக் கேட்க நேர்கிறது. வாங்குன கைக்குக் கேள்வி கேட்கிற உரிமை போயிடும். அந்த உரிமைதான் ஒரு குடிமகனின் ஒரே சொத்து.

கடைசியாக நம்ம ஐடி விங் வேலை. பொய்ப் படம் என்று தெரிந்தால் அது எதிரியை எவ்வளவு காயப்படுத்தும் என்றாலும் போடாதீங்க. எதிர்க்கட்சிப் பெண் ஒருத்தங்க பேசினா அவங்க பேச்சுக்குப் பதில் சொல்லுங்க. உடையையும் வீட்டையும் இழுக்காதீங்க. பெண்ணை மதிப்பது நம்ம பண்பாடு என்று சொல்லிக்கொண்டே அதைச் செய்பவரை நம்ம குரூப்பில் இருந்து நீக்குவதற்கு அட்மின்களுக்குத் தயக்கம் வேண்டாம். லைக் குறையும். குறையட்டும். 8 இடத்துக்குச் சுருங்கிய ஒரு கட்சி சொன்னதை 20 வருஷம் கழித்து நாடு செய்தது. பொய்யில் வந்த பத்தாயிரம் ஷேர் அடுத்த வாரம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இந்த வாரம் நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். நம்ம தரப்பு வெளியிட்ட அறிவிப்பு ஒன்றை எடுங்க. எதிர்த்தரப்பு வெளியிட்டது ஒன்றை எடுங்க. மேலே சொன்ன நாலு கேள்வியையும் ரெண்டுக்கும் ஒரே மாதிரி கேளுங்க. வந்த பதிலை, நமக்குச் சாதகமோ பாதகமோ, கமெண்ட்டில் அப்படியே எழுதுங்க. அழிக்க மாட்டோம். நம்ம தரப்பு தோற்கிற இடத்தை நாம முதல்ல கண்டுபிடிச்சுச் சொன்னா, அதைத் திருத்த நமக்கு நேரம் இருக்கும். மக்கள் கண்டுபிடிச்சா தேர்தல் நாள் வரைக்கும் சொல்ல மாட்டாங்க.



– தகவல் தொழில்நுட்பப் பிரிவுத் தன்னார்வலர்

#ஒரேஅளவுகோல் #நாலுகேள்வி